தாய்வீட்டில் இறந்தவள் எந்த ஊர்க் கணக்கு

வெகுதானிய வருஷம், ஐப்பசி மாதம்.

1. இதை எழுதுகிறவன், புதுக்கோட்டை சமஸ்தானம் திருக்கோகர்ணத்தில் வசிக்கும், காலஞ்சென்ற சொக்கலிங்கம் குமாரன் வைத்தியலிங்கம். வயது ஐம்பத்திரண்டு. தொழில், வக்கீல்.

2. இக்குறிப்பு என் சொந்த உபயோகத்துக்கு மட்டும். எவர் முன்பும் தாக்கல் செய்வதற்கன்று.

3. நானே கண்டதற்கு ‘க.’ என்றும், பிறர் சொல்லக் கேட்டதற்கு ‘கே.’ என்றும் அடையாளம் இடுவேன். இரண்டையும் கலக்கமாட்டேன்.

4. விஷயம், இந்தச் சமஸ்தானத்தில் பிரசவத்தில் இறக்கும் பெண்களின் தொகை. இதில் நான் முற்றிலும் சம்பந்தமற்றவன் அல்லன். என் ஒரே மகள் தையல்நாயகி தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

ஐப்பசி 15, திங்கள்

காலை முதல் தூறல். செருப்பு வார் அறுந்தது. கோர்ட்டில் வேலை குறைவு.

மத்தியானம் திவான் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் கூப்பிட்டு அனுப்பினார். சமஸ்தானத்தின் வருஷாந்திர நிர்வாக அறிக்கைக்கு ஒரு பாரா. நடையைச் செப்பனிட்டுத் தரவேண்டுமாம். அதில் ஒரு வாக்கியம்: ‘பிரசவத்தில் நேரும் ஸ்திரீகளின் மரணம் நம் சிறிய ராஜ்யத்தில் வருஷந்தோறும் குறைந்து வருகிறது.’

ஐரோப்பாவிலும் சின்னஞ்சிறு தேசங்களில் இந்தச் சாவு பெரிய தேசங்களைவிடக் குறைவு என்கிறார். (கே. எங்கே வாசித்தார் என்பது அவருக்கே நினைவில்லை.)

“சின்ன ராஜ்யம்னா கைக்குள்ள அடங்கும் சார். எந்த மூலையில என்ன நடந்தாலும் நமக்குத் தெரிஞ்சுபோகும்.”

தெரிந்துபோகும் என்பதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டேன்.

“ஒங்களுக்குக் கூடினாலும் சந்தேகம், குறைஞ்சாலும் சந்தேகம். காபி சாப்பிடுங்க.”

காபி நன்றாக இருந்தது. வாக்கியம் உறுத்துகிறது. பெரிய ஜில்லாவில் நாலு சாவு கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. நம்மைப்போன்ற இடத்தில் நாலு வீட்டில் துக்கம் விழுந்தால் அந்த வருஷத்தின் முகமே மாறிவிடும். ஆகவே ஒரு வருஷம் குறைந்தது என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். வருஷந்தோறும் குறைகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கவேண்டும். என்ன காரணம்? ஆஸ்பத்திரியா? மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியா? வேறேதாவதா?

கவனிக்க வேண்டியவை: பெருங்காயம், சுக்கு, பழைய வேட்டிகள் கிழித்துத் துவைக்க (மனைவி மீனாட்சி உத்தரவு), செருப்பு வார்.

ஐப்பசி 17, புதன்

குளத்தூரில் வாய்தா. எதிர்க்கட்சிக்காரனுக்குக் காமாலை, ஒத்திவைப்பு. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பக்கத்துக் கிராமத்துக் கணக்குப்பிள்ளை ஒருவர் சாவடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஜனன மரணம் பதிகிறவர் அவரே. சும்மா கேட்பதுபோல் கேட்டேன்: பிரசவத்தில் ஒரு பெண் இறந்துபோனால் எப்படி எழுதுவீர்கள்?

“எந்தப் பொண்ணுங்க? நம்ம ஊருப் பொண்ணா, கட்டிக்குடுத்த பொண்ணா?”

வித்தியாசம் உண்டா என்றேன்.

“இல்லாம என்னங்க! தலைப்பிள்ளைக்குப் பெறந்த வீட்டுக்கு வந்திருக்கும். ஆனா அது வேற வீட்டுப் பொண்ணுல்ல? புருசன் வீடு எங்கிட்டு இருக்கோ அங்கிட்டு எழுதிக்கிடுவாக. நாம எழுதுனா இன்னொருத்தன் ஊரு ஆளை நாம சாகடிச்ச மாதிரி ஆகிப்போகுங்க.”

புருஷன் வீடு எங்கே?

“இப்பப் பூரா அங்கிட்டுத்தான், திருச்சிச் சீமைப் பக்கம். பஸ்ஸு வந்ததுலேருந்து பொண்ணைத் தூரத்துல குடுக்குறதுக்கு ஒருத்தனும் அஞ்சுறது இல்லை.”

அங்கே எழுதினார்களா என்று எப்போதாவது கேட்டதுண்டா?

“அது வெள்ளைக்காரன் சீமைங்க. நான் போயிக் கேட்டா ‘நீ யாருய்யா’ம்பான்.”

பக்கத்தில் படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “‘செத்த எடத்துல எழுதிக்க’ம்பான்.” இருவரும் சிரித்தார்கள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே யோசனை. ஒரு வழக்கில் இரண்டு கோர்ட்டும் ‘எனக்கு அதிகாரமில்லை’ என்று கையை விரித்தால் வாதி நடுத்தெருவில் நிற்பான். இங்கே வாதி உயிரோடும் இல்லை.

என் ஊகம் (ஊகம் மட்டுமே): எல்லை எங்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற சிறிய ராஜ்யத்தில் பாதிச் சம்பந்தங்கள் எல்லை தாண்டியவை. பஸ் ஓட ஓட அவை கூடுகின்றன. அவை கூடக் கூட, இறந்தவள் இரண்டு பக்கமும் எழுதப்படாமல் போவதும் கூடும். பெண்கள் பிழைப்பதால் தொகை குறைகிறதா, எல்லை தாண்டிக் கொடுப்பதால் குறைகிறதா?

விசித்திரமான விஷயம். இரவுச் சாப்பாட்டின்போது மீனாட்சியிடம் விவரித்தேன். “கர்ப்பிணி இருக்கிற வீட்டுல பேசுற பேச்சா இது” என்று ரசத்தை நகர்த்தி வைத்துவிட்டாள். தையல் மட்டும் “அப்புறம் என்ன சொன்னாருப்பா அந்தக் கணக்குப்பிள்ளை?” என்றாள்.

ஐப்பசி 20, சனி

மழை விட்டது. வெயிலில் புழுக்கம்.

வல்லத்திராக்கோட்டை முத்துக்கருப்பன், வரப்புத் தகராறு வழக்குக்காக வந்தார். பத்திரங்களைப் பார்த்து முடித்தபின், போன வருஷம் அவர் வீட்டில் நேர்ந்த துக்கத்தைப் பற்றிக் கேட்கலாமா என்று அனுமதி பெற்றுக் கேட்டேன். மகளை அறந்தாங்கிப் பக்கம் தஞ்சாவூர் ஜில்லாவில் கொடுத்திருந்தார். தலைப்பிரசவம் இவர் வீட்டில். அடுத்து வருவது கே., ஆயினும் சொன்னவர் கண்டவர்.

“காலையில வலி கண்டுச்சு. பொழுது சாயுற வரைக்கும் புள்ளை திரும்பலை. மருத்துவச்சி ‘என் கைக்கு மிஞ்சிருச்சு, டவுனுக்குக் கொண்டு போங்க’ன்னுருச்சு.”

டவுன் பக்கம்தானே?

“பக்கந்தாங்க. வண்டி வாசல்ல நின்னுச்சு, மாடும் நின்னுச்சு. அவுக வீட்டுப் பொண்ணுங்க அது. அவுகளைக் கேக்காம ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயி, கத்தியக் கித்தியப் போட்டுட்டா, நாளைக்கு அவுக முகத்துல எப்படி முழிக்கிறது? ஆள் அனுப்புனோம். ஆள் போயி, அவுக கூடிப் பேசி, சரின்னு சொல்லிவிட்டு…”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் இறந்தபின் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“‘ஒங்க வீட்டுல வச்சுத்தானே போச்சு, எங்களை என்ன கேக்குறது’ன்னாக.”

அவர் போனபின் வெகுநேரம் வேறு கட்டு எதையும் பிரிக்கவில்லை. நான் புதன்கிழமை முதல் இறந்தபின் அவள் எந்த ஊர்க்காரி என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். உயிரோடு இருக்கும்போதே அந்தக் கேள்வி தொடங்கிவிடுகிறது. அது தீருவதற்கு ஆள் போய் வரவேண்டியிருக்கிறது.

என் சம்பந்தி வீடு பட்டுக்கோட்டைக்கு அப்பால். மாப்பிள்ளை ரங்கூனில். மாப்பிள்ளையின் தாயார் சிவகாமி அம்மாள், விதவை, வீட்டில் அவர் சொல்தான் சொல். ஏதாவது நேர்ந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று நாம் அவரிடம் கேட்டோமா என மீனாட்சியை விசாரித்தேன்.

“எப்படிங்க கேக்குறது? வளைகாப்பு அன்னைக்கா?”

ஐப்பசி 21, ஞாயிறு

சிவகாமி அம்மாளுக்குக் கடிதம். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நான்காவதை மீனாட்சிக்கு வாசித்துக் காட்டினேன்.

“நோட்டீஸ் மாதிரி இருக்கு.”

தையல் வாங்கி வாசித்துவிட்டுச் சிரித்தாள். “‘மேற்படி கர்ப்பிணியின் தேக க்ஷேமத்தை முன்னிட்டு’. யாருப்பா அது? கேக்கவே பாவமா இருக்கு.”

அப்படியே தபாலில் சேர்த்தேன். தெளிவாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

தையல் கால் வீங்கியிருக்கிறது. க.

ஐப்பசி 22, திங்கள்

கோர்ட்டுக்கு விடுப்பு. தையலைப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். லேடி டாக்டர் நடுத்தர வயது. பேச்சில் வீண் வார்த்தை கிடையாது. ரத்த அழுத்தம் கூடுதலாம். உப்பைக் குறைக்க வேண்டும், படுத்திருக்க வேண்டும். தலைவலி வந்தாலோ கண் மங்கினாலோ அந்த நிமிஷமே கொண்டுவர வேண்டும்.

நான் கேட்டது: ஆபரேஷன் அவசியமானால் யாருடைய சம்மதம் வேண்டும்?

“புருஷன். இல்லைன்னா புருஷன் வீட்டார்.”

விதி உண்டா?

“விதியெல்லாம் நான் பாத்ததில்லை சார். வழக்கம். பிறந்த வீட்டார் கையெழுத்தை வச்சு ஆபரேஷன் பண்ணா, மறுநாள் புருஷன் வீட்டார் பத்துப்பேர் வாசல்ல நிப்பாங்க. ஒரு தடவை பாத்தாச்சு.”

அவரைக் குறைசொல்ல இடமில்லை. வீட்டுக்கு வந்து என்னிடமுள்ள சட்டப் புத்தகங்களைப் புரட்டினேன். புருஷன் வீட்டார் சம்மதம் அவசியம் என்று ஒரு வரி இல்லை. தந்தை சம்மதம் போதும் என்றும் ஒரு வரி இல்லை. எல்லோரும் கட்டுப்படுகிற ஒன்று எங்கும் எழுதப்படாமல் இருப்பது எனக்கு ஆச்சரியம்.

உப்பில்லாத குழம்பைத் தையல் ஒரு வாய் சாப்பிட்டு, “டாக்டரம்மா வீட்டுல இதைத்தான் சாப்பிடுறாங்களான்னு கேட்டுட்டு வாங்கப்பா” என்றாள்.

ஐப்பசி 27, சனி

ஐந்து நாளாக எழுத ஒன்றுமில்லை. வீக்கம் குறையவில்லை, கூடவும் இல்லை.

சிவகாமி அம்மாள் பதில். அவருக்கு எழுதத் தெரியாது. ஊர் வாத்தியார் கையெழுத்து. சாராம்சம்: (அ) பெண் உங்கள் வீட்டில் இருக்கும்வரை நல்லது கெட்டது உங்கள் பொறுப்பு. (ஆ) கத்தி வைப்பதானால் அது எங்கள் வீட்டு விஷயம். (இ) அதற்கு என் மகன் சொல்ல வேண்டும். (ஈ) மகனுக்கு எழுதியிருக்கிறேன்.

ரங்கூனுக்குக் கப்பல் தபால். அது போய்த் திரும்புவதற்குள் குழந்தை பிறந்து குப்புற விழுந்துவிடும். மாப்பிள்ளைக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன். அவர் மரக் கம்பெனி வேலையாக உள்நாட்டுக்குப் போயிருப்பதாகக் கேள்வி (கே.). பதில் இல்லை.

சிரஸ்தாரைப் பார்த்து என் ஊகத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்.

“நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும் சார். அந்த வரியை எடுத்துட்டா பாரா நொண்டுதே.”

ஐப்பசி 29, திங்கள்

பட்டுக்கோட்டை பஸ்ஸில் சிவகாமி அம்மாள் வந்து இறங்கினார். முன்னறிவிப்பு இல்லை. கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு மூட்டை புளி, ஒரு தூக்கு நிறைய அதிரசம். வாசலில் காலைக் கழுவும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“என்ன அண்ணே, லெட்டரா அது? தபால்காரன் படிக்கப் படிக்க அவனுக்கே வேர்த்துப்போச்சு. ‘ஏன் ஆத்தா, ஜப்திக்கு ஆள் வருதா’ன்னு கேக்குறான்.”

“அவரு கல்யாணப் பத்திரிகை எழுதுனாலும் அப்படித்தான் மதினி இருக்கும். வாங்க, உள்ள வாங்க” என்றாள் மீனாட்சி.

“புள்ளையப் பெத்துக்கிறதுக்கு ஆசுபத்திரி எதுக்குங்கிறேன்? நான் ஆறு பெத்தேன், எந்தக் கோர்ட்டுல போயி மனு குடுத்தேன்?”

எத்தனை பேர் தங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. இருவர் என்பது தெரியும்.

உள்ளே போய்த் தையல் காலைப் பார்த்தார். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினார். குழி விழுந்தது, மேடாகவில்லை. க. வெளியே வந்து அதிரசத்தை எடுத்து, “அதுக்குக் குடுக்காதீங்க, நீங்க சாப்புடுங்க” என்று என் முன்னால் வைத்தார்.

பிறகு அடுக்களையில் இருவரும் பேசியது (கே., சுவருக்கு இப்பால்):

“நான் சரின்னு சொல்லிப்புடலாம் மதினி, வாய்தானே. சொல்லி ஏதாச்சும் ஒண்ணு ஆகிப்போச்சுன்னா, சீமையிலேருந்து வந்து ‘நீதானே ஆத்தா சொன்னே’ன்னு எம்மவன் கேட்டா, நான் எங்கிட்டுப் போவேன்?”

மீனாட்சி பதில் சொன்னது காதில் விழவில்லை. அழுதாள்போலிருக்கிறது.

இவரை நான் பிடிவாதக்காரி என்று நினைத்திருந்தேன். திருத்திக்கொள்கிறேன். பயப்படுகிறார். அறந்தாங்கிக்காரர்களும் பயந்திருக்கலாம்.

கார்த்திகை 2, வியாழன்

முதலில் முடிவு. தையல் உயிரோடு இருக்கிறாள். பெண் குழந்தை, சிறியது, நன்றாக அழுகிறது. க., க.

இனி நடந்தது, வரிசையாக. நேற்றுக் காலை பலகாரம் ஆனதும் தையல் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் கம்பி இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாள். ஜட்கா வந்தது. வண்டிக்குள் மீனாட்சியும் சிவகாமி அம்மாளும் அவளை நடுவில் வைத்துக்கொண்டார்கள். நான் வண்டிக்காரன் பக்கத்தில். திருக்கோகர்ணத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை, தலையைச் சாய்த்து வைப்பதா நிமிர்த்தி வைப்பதா என்று இருவருக்கும் சண்டை. ஆஸ்பத்திரிக்கு வரவேண்டாம் என்று மட்டும் சிவகாமி அம்மாள் சொல்லவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வராமல் எங்களை உள்ளே கூப்பிட்டார்.

“இனிக் காத்திருக்க முடியாது. வலிப்பு வந்தா ரெண்டு உயிரும் போயிடும். ஆபரேஷன் பண்ணணும். யார் கையெழுத்துப் போடுறீங்க?”

சிவகாமி அம்மாள் என்னைப் பார்த்தார். “அண்ணே, பெத்தவுக நீங்க இருக்கீக.”

நான் சொன்னது: “அம்மா, உங்கள் வீட்டுப் பெண்.”

இதை மாற்றாமல் பதிகிறேன். முத்துக்கருப்பன் வண்டியைப் பூட்டாமல் நின்றபோது சொன்ன வார்த்தை. எல்லாம் தெரிந்தபின்னும் அதுதான் என் வாயில் வந்தது. பேனா என் கையில்தான் இருந்தது. மீனாட்சி, “யாராச்சும் போடுங்களேன்” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கட்டிலிலிருந்து தையல்: “அப்பா. கண்ணுதான் மங்கலா இருக்கு, காது நல்லாக் கேக்குது. எனக்கு இருபது வயசு ஆச்சு. நான் போட்டாச் செல்லுமா, செல்லாதா? அதை மட்டும் சொல்லுங்க.”

செல்லும் என்றேன்.

அதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வயது நிறைந்தவள், தெளிந்த புத்தியுள்ளவள், தன் தேகம். முதல் வருஷச் சட்ட மாணவன் சொல்லிவிடுவான். தந்தையா புருஷனா என்றே தேடிக்கொண்டிருந்ததால் புத்தகம் எனக்குப் பதில் சொல்லவில்லை.

டாக்டரைப் பார்த்தேன். “எனக்கு ஒரு கையெழுத்து வேணும் சார். இது போதும். கூட ரெண்டு சாட்சி போடச் சொல்லுங்க, சீக்கிரம்.”

தையல் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்றாவது அயிட்டத்தை அவளாகவே சேர்த்தாள். “அபசகுனமாப் பேசாத ஆத்தா” என்று சிவகாமி அம்மாள் அவள் வாயைப் பொத்தப் போனார். “எழுதுங்கப்பா” என்றாள். எழுதினேன்.

சாட்சி போடும் கட்டத்தில் சிவகாமி அம்மாள் என் முழங்கையைத் தொட்டார்.

“சாட்சின்னா, நான் சரின்னு சொன்னதா ஆகிப்போகுமா அண்ணே?”

“ஆகாது. நீங்கள் பார்த்ததாக மட்டும் ஆகும்.”

“பாத்தேன்ல. எங்கிட்டு வைக்கணும்?” என்று கட்டைவிரலை நீட்டினார்.

கதவைச் சாத்தினார்கள். திறக்கும்வரை நாங்கள் மூவரும் ஒரே பெஞ்சில். ஒருவரும் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று தையல் கஞ்சி குடித்தாள். அதிலும் உப்பில்லை என்று கோபம். நல்ல அறிகுறி என்கிறார் டாக்டர்.

சிரஸ்தாரின் பாரா இன்னும் என் மேசைமேல். ‘குறைந்து வருகிறது’ என்பதை அடித்து, ‘குறைந்து வருவதாக எழுதப்படுகிறது’ என்று திருத்தியிருக்கிறேன். நொண்டினால் நொண்டட்டும்.

அசல் ஆஸ்பத்திரியில் இருப்பதால், என் உபயோகத்துக்கு நகல்:

1. தையல்நாயகி ஆகிய நான், வயது இருபது பூர்த்தியானவள், சுய நினைவோடு சொல்வது.

2. என்னையும் என் குழந்தையையும் காப்பாற்ற டாக்டர் அவசியம் என்று கருதும் ஆபரேஷனுக்கு நான் சம்மதிக்கிறேன். இதற்காக என் பிறந்த வீட்டாரையோ புகுந்த வீட்டாரையோ யாரும் பின்னால் ஒன்றும் கேட்கக்கூடாது.

3. நான் இறந்துபோனால், இறந்த இடத்தில் என் பெயரை எழுதவேண்டும். வேறு ஊரில் எழுதிக்கொள்வார்கள் என்று விட்டுவிடக்கூடாது.

இப்படிக்கு,
தையல்நாயகி

சாட்சிகள்:
மீனாட்சி
சிவகாமி அம்மாள் (இடது பெருவிரல் ரேகை)

இதை எழுதியவன்:
சொ. வைத்தியலிங்கம்